கப்பலா, கரையா, கடலா? உங்களுக்குப் பொருந்தும் கப்பல் சுற்றுலாவைத் தேர்ந்தெடுக்கும் வழி

கப்பல் சுற்றுலா போய்வந்து அலுத்துக்கொள்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் காரணம் சீக்கிரமே வெளிவரும். ஊர் சுற்ற ஆசைப்பட்டவர் மூன்று நாளும் நீர்ச்சறுக்கு வரிசையில் நின்றிருப்பார். சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார நினைத்தவர் காலைச் சாப்பாட்டுக்கு ஐயாயிரம் பேரோடு தட்டேந்தியிருப்பார். கப்பல் நல்ல கப்பலாகவே இருந்திருக்கும். அது அவருக்கானதாக இல்லை, அவ்வளவுதான்.

இந்தச் சுற்றுலாவில் நாம் காசு கொடுத்து வாங்குவது மூன்று: கப்பல், கரை, கடல். மூன்றும் சம அளவில் கிடைக்கும் பயணம் அநேகமாக இல்லை. ஒன்று ஓங்கினால் மற்றவை தாழும். விலையையும் விளம்பரப் படத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, கீழுள்ள வரிசையில் முடிவெடுங்கள்.

முதல் படி: மூன்றில் எது உங்களுக்குப் பெரிது?

கப்பலே போதும் என்பவர்களுக்கென்றே கட்டப்பட்டவை மிதக்கும் நகரங்கள். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன் கொள்ளளவு கொண்டது; நீளம் சுமார் 365 மீட்டர். அறைக்கு இருவர் என்ற கணக்கிலேயே 5,610 பேர், நிரம்பினால் 7,600 பேர். சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட டிஸ்னி அட்வென்ச்சர் இன்னும் ஒரு படி மேலே போகிறது: 3, 4 இரவுப் பயணங்களில் வேறெந்த ஊரிலும் நிற்காமல் கடலைச் சுற்றித் திரும்புகிறது. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். 'மூன்று நாடு பார்க்கலாம்' என்று நினைத்து ஏறுபவருக்கு ஏமாற்றம்.

கரைதான் முக்கியம் என்றால் நடுத்தர, சிறிய கப்பல்களைத் தேடுங்கள். பெரிய கப்பல் நுழைய முடியாத துறைமுகத்தில், ஊரின் வாசலிலேயே அவை வந்து நிற்கும். நார்வேயின் ஹுர்டிகுருட்டன் இதற்கு ஒரு தனி உதாரணம். 1893இல் கடலோரத் தபால், சரக்குச் சேவையாகத் தொடங்கி இன்றும் ஓடுவது அது. பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்கள். போய்வரப் பன்னிரண்டு நாள். கேளிக்கை அரங்கம், சூதாட்டக் கூடம் எதுவும் கிடையாது. சில ஊர்களில் கால் மணி நேரம், அதுவும் நள்ளிரவில், நிற்கும். நார்வேயின் கரையைப் பார்க்க அதைவிட நேரான வழி இல்லை; 'இன்று இரவு என்ன நிகழ்ச்சி?' என்று கேட்பவர் ஏற வேண்டாம்.

கடலே வேண்டும் என்பவருக்குப் பாய்மரம். அதற்கு ஆறாம் படியில் வருவோம்.

குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் ஆளுக்கொரு விருப்பம் இருக்கும். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று தேடாதீர்கள். யாருடைய விருப்பம் நிறைவேறாவிட்டால் மற்றவர்கள் பயணமும் கெடுமோ, அவருக்கு முதலிடம் கொடுங்கள். வழக்கமாக அது பத்து வயதுக்குக் குறைந்தவராகவோ எழுபதைக் கடந்தவராகவோ இருக்கும்.

இரண்டாம் படி: கடலையும் மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள்

ஒரே கடல் ஜனவரியில் ஒரு முகம் காட்டும், ஜூலையில் வேறு முகம் காட்டும். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் மலேயா, மறு பக்கம் சுமத்ரா. அதனால் சிங்கப்பூர்–பினாங்கு வழி ஆண்டு முழுவதும் பெரும்பாலும் அமைதியானது. முதல் பயணத்துக்கு நல்ல தேர்வு. அதே சிங்கப்பூரிலிருந்து வியட்நாம் பக்கம் நவம்பர் முதல் ஜனவரி வரை போனால், வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கொந்தளிக்க வைத்திருக்கும். அரபிக்கடல் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுற்றுலாவுக்கு ஆகாது. மும்பையைத் தளமாகக் கொண்ட எம்ப்ரஸ் கப்பல் அந்த மாதங்களில் சென்னைக்கு இடம் மாறி இலங்கைத் துறைமுகங்களுக்கு ஓடியிருப்பதற்கு அதுதான் காரணம்.

கரீபியனில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை. அப்போது விலை இறங்கும். கப்பல் புயலில் போய் மாட்டாது, விலகிப் போகும். விலகுவதால் நீங்கள் பார்க்க நினைத்த தீவு மாறிப்போகும். தீவு எதுவானால் என்ன என்பவருக்கு அது லாபம்.

அலாஸ்காவுக்கு மே முதல் செப்டம்பர். இங்கே புறப்படும் துறைமுகமும் முக்கியம். வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் தீவுகளுக்கு இடையிலான உள்வழியில் ஓடும். சியாட்டில் கப்பல்கள் வழக்கமாக வான்கூவர் தீவுக்கு வெளிப்புறம், திறந்த பசிபிக்கில் போகும். குமட்டல் பயம் உள்ளவருக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்.

அண்டார்க்டிகாவுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை. அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயாவிலிருந்து ட்ரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள். திரும்பவும் இரண்டு நாள். ஒரே இடத்தில் ஒரு நேரத்தில் 100 பேர்தான் கரையிறங்கலாம். 500 பயணிகளுக்கு மேல் உள்ள கப்பல் யாரையும் இறக்குவதில்லை. மலிவாக ஒரு பெரிய கப்பல் கிடைத்தால், பனிப்பாறையைத் தளத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மூன்றாம் படி: பயணத்திட்டத்தை மணிக்கணக்கில் படியுங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். விளம்பரத்தில் 'பாங்காக்' என்று இருக்கும். கப்பல் வந்து நிற்பது லேம் சபாங்கில். 'ரோம்' என்றால் சிவிடாவெக்கியா, 'புளோரன்ஸ்' என்றால் லிவோர்னோ, 'பாரிஸ்' என்றால் லெ ஹாவர், 'கோலாலம்பூர்' என்றால் போர்ட் கிளாங். 'வெனிஸ்' இன்னும் வேடிக்கை. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் 2021 ஆகஸ்ட் முதல் நகரின் கால்வாய்க்குள் போகக் கூடாது. ஆகவே பல பயணங்கள் ராவென்னாவிலோ ட்ரியெஸ்டேயிலோ தொடங்குகின்றன. ராவென்னாவிலிருந்து வெனிஸ் நூறு கிலோமீட்டருக்கு மேல்.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லேம் சபாங்கில் காலை 8 முதல் மாலை 5 வரை, ஒன்பது மணி நேரம். குடியேற்றச் சோதனை முடிந்து இறங்க ஏறக்குறைய ஒரு மணி. கப்பல் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறிவிட வேண்டும். மிச்சம் ஏழு. பாங்காக் போகச் சாலையில் இரண்டு மணி நேரம், வர இரண்டு. நெரிசல் என்றால் அதற்கும் மேல். கையில் நிற்பது மூன்று மணி நேரம். ஒரு கோயில், ஒரு சாப்பாடு, முடிந்தது. அதே நேரத்தைப் பினாங்கில் வைத்துப் பாருங்கள். ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறையிலிருந்து ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களுக்கு நடந்தே போகலாம். லிட்டில் இந்தியாவும் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும் அந்த நடைத் தூரத்துக்குள்தான்.

அடுத்து, கப்பல் கரையில் கட்டுமா, நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்குமா என்று பாருங்கள். புகெட்டின் பாதோங்கிலும் சாண்டோரினியிலும் படகில்தான் இறங்க வேண்டும். வரிசைச் சீட்டு, காத்திருப்பு என்று இருபுறமும் நேரம் போகும். அலை எழும்பினால் அந்த ஊரே ரத்தாகும். சக்கர நாற்காலியில் இருப்பவரைப் படகில் ஏற்றத் தயங்குவார்கள். சாண்டோரினியில் படகை விட்டு இறங்கிய பிறகும் ஊர் மேலேதான்: கேபிள் கார், இல்லையேல் 588 படிகள். 2025 முதல் அங்கே ஒரு நாளுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்ற உச்சவரம்பு இருப்பதால் கூட்டம் முன்பைவிடக் கட்டுக்குள் இருக்கும்.

திட்டத்தில் 'கடல் நாள்', அதாவது எந்த ஊரிலும் நிற்காத நாள், எத்தனை என்றும் எண்ணுங்கள். ஏழு இரவில் இரண்டு என்பது பலருக்கும் ஒத்துவரும். கரை விரும்பிகள் மூன்றைத் தாண்டினால் நகம் கடிப்பார்கள். கடல் விரும்பிகளுக்கு ஒரு யோசனை: ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் கப்பல்கள் பருவம் மாறி ஐரோப்பாவுக்கும் கரீபியனுக்கும் இடையே இடம்பெயரும். அட்லாண்டிக்கைக் கடக்கும் அந்தப் பயணங்களில் நாளொன்றுக்கான விலை குறைவு. மேற்கு நோக்கிப் போனால் கடிகாரத்தைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பல நாட்களுக்கு 25 மணி நேரம் கிடைக்கும். கிழக்கே போனால் அந்தத் தூக்கத்தை இழப்பீர்கள்.

நான்காம் படி: அளவைவிட நெரிசலைப் பாருங்கள்

கப்பலுக்குச் சொல்லும் டன் எடையைக் குறிப்பதில்லை. உள்ளிருக்கும் இடத்தின் அளவு அது. அதை, அறைக்கு இருவர் என்ற கணக்கிலான பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். 30ஐ ஒட்டி வந்தால் நெருக்கம், 40ஐத் தாண்டினால் தாராளம். ஐகானுக்கு 44 வருகிறது. பள்ளி விடுமுறையில் ஒவ்வோர் அறையிலும் மூன்று, நான்கு பேர் தங்கும்போது அதே கப்பல் 33க்கு இறங்கிவிடும். ஒரே கப்பலைப் பற்றி ஒருவர் புகழ்வதும் இன்னொருவர் திட்டுவதும் பெரும்பாலும் இந்த மாத வித்தியாசத்தால்தான்.

பெரிய கப்பல் குறைவாக ஆடும். சிறியது அதிகம் ஆடும். பக்கவாட்டு ஆட்டத்தை இரு புறமும் உள்ள நிலைப்படுத்தும் துடுப்புகள் குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிய உதவி இல்லை.

ஐந்தாம் படி: அறை

ஆட்டம் குறைவாக வேண்டுமா? ஊஞ்சல் பலகையின் நடுவில் உட்காருவதுபோல் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் அறை எடுங்கள். மேல்தளத்து முன்முனை அறையில் காட்சி பிரமாதம், வயிறுதான் கலங்கும். நங்கூரம் இறக்கும் சத்தமும் கரையணையும்போது முன்பக்கத் தள்ளுவிசை இயந்திரங்களின் அதிர்வும் தாழ்தள முன்முனை அறைகளை அதிகாலையிலேயே எழுப்பிவிடும்.

சத்தத்துக்கு ஒரே விதி: மேலும் கீழும் அறைகளே இருக்கும் அறை. கப்பலின் தளப்படத்தைத் திறந்து உங்கள் அறை எண்ணுக்கு மேல்தளத்திலும் கீழ்தளத்திலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளத்தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே நடனக்கூடம் என்றால் நள்ளிரவு வரை பாட்டு. பக்கத்து அறையோடு இணைக்கும் கதவு இருந்தால் அவர்கள் வீட்டுச் சண்டையும் இலவசம்.

பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? நார்வே, அலாஸ்கா என்றால் யோசிக்காமல் கொடுங்கள். அங்கே காட்சியே பயணம். மூன்று இரவுச் சிங்கப்பூர் பயணத்தில், அறைக்குத் தூங்க மட்டுமே வருவீர்கள் என்றால் உள்ளறை போதும். ஜன்னல் இல்லாத அறையில் பகல் இரவு தெரியாது. சிலருக்கு அது வரம், மூச்சு முட்டும் குணமுள்ளவருக்குத் தண்டனை. 'காட்சி மறைக்கப்பட்டது' என்று போட்டிருந்தால் எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும். அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே பின்னால் தரும் மலிவுச் சீட்டை, எங்கே போட்டாலும் தூங்குவேன் என்பவர் மட்டும் வாங்குங்கள்.

ஆறாம் படி: பாய்மரம் என்றால்

பாய்மரத்தில் பல தரம் உண்டு. கையில் ஒரு கயிறும் பிடிக்காமல் பாய் விரிவதைப் பார்க்க வேண்டுமா? ராயல் கிளிப்பர் போன்ற கப்பல் சரி: 2000இல் வந்தது, 5 பாய்மரம், 42 பாய்கள், 227 பயணிகள். சாப்பாடு, அறை எல்லாம் கப்பல் போலவே; ஆட்டமும் காற்றும் கடலுக்கு அருகில் இருப்பதும் மட்டும் வேறு.

அடுத்தது துருக்கியின் குலெட். போத்ரும், ஃபெத்தியே, கோசெக் பக்கம் ஓடும் மரக் கப்பல். ஆட்களோடு வாடகைக்கு வரும். நீந்துவது, சாப்பிடுவது, தூங்குவது என்பதே தினசரி. பாய் இருந்தாலும் பெரும்பாலும் இயந்திரத்தில்தான் போகும். பாய் விரிப்பதைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, முழுப் படகையும் வாடகைக்கு எடுப்பது. நீங்களே ஓட்டுவதாக இருந்தால் கிரீஸ், குரோஷியா போன்ற இடங்களில் உரிமம் தேவை. குரோஷியாவில் வானொலித் தொடர்புச் சான்றும் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் விட்சண்டே தீவுகளில் உரிமமே கேட்பதில்லை. அனுபவத்தை விசாரித்து, பயிற்சி தந்து படகை ஒப்படைப்பார்கள். உரிமம் இல்லாதவர் படகை ஓட்டித் தரும் ஸ்கிப்பரை அமர்த்தலாம். மத்தியதரைக் கடலில் நாளுக்குச் சுமார் 200 யூரோ, அவர் சாப்பாடு உங்கள் பொறுப்பு. அவருக்கும் படுக்கை வேண்டும் என்பதை மறந்துவிட்டு ஆறு பேர் படகில் ஆறு பேர் போய் நின்று விழிப்பது சகஜம்.

'10 பேர் தங்கலாம்' என்ற விளம்பரத்தில் இருவர் சாப்பாட்டு மேசையை மடக்கிப் படுப்பவர்கள். அறை எத்தனை, கழிப்பறை எத்தனை என்று எண்ணுங்கள். 40 அடிப் படகின் நன்னீர்த் தொட்டி வழக்கமாக 300 முதல் 500 லிட்டர். ஆறு பேர் வீட்டில் குளிப்பதுபோல் குளித்தால் இரண்டாம் நாளே குழாய் இருமும். காகிதத்தைப் படகின் கழிப்பறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும்; அந்த வாரத்தின் மிக மோசமான வேலை அதுவாகத்தான் இருக்கும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிக்கு இடமில்லை. மடிக்கக்கூடிய துணிப்பை கொண்டுபோங்கள்.

ஒற்றை உடல் படகு காற்றில் சாயும். கட்டமரான் சாயாது, இடம் தாராளம், வாடகையும் துறைக் கட்டணமும் கூடுதல். நம் கட்டுமரத்திலிருந்து போன சொல்தான் அது. நம் மீனவர்களின் கட்டுமரம் சேர்த்துக் கட்டிய கட்டைகள். இது இரண்டு தனி உடல்களை மேலே இணைத்தது. முதியவர், குழந்தைகள், கடல் நோய்க்காரர் இருந்தால் கட்டமரான். பாய் ஓட்டும் சுகம் வேண்டுமென்றால் ஒற்றை உடல்.

இடம் தேர்வதில் கிரீஸே நல்ல பாடம். வெள்ளை வீட்டுப் படத்தைப் பார்த்து ஜூலை, ஆகஸ்டில் சைக்ளேட்ஸ் தீவுகளுக்குப் படகெடுக்கிறார்கள். மெல்டெமி என்ற வடகாற்று அப்போதுதான் உச்சத்தில் நாள்கணக்கில் வீசும். படகு துறையிலேயே கட்டிக் கிடக்கும். முதல் தடவை போகிறவருக்கு மேற்குப் பக்கத்து அயோனியன் கடல், லெஃப்காடா, கோர்ஃபு பகுதி ஏற்றது: காலையில் அமைதி, பிற்பகலில் மிதமான காற்று. ஏதென்ஸுக்கு அருகே சரோனிக் வளைகுடாவில் ஏஜினா, போரோஸ், ஹைட்ரா என்று குறுகிய தூரமாகவும் போகலாம். படகு மணிக்கு 5, 6 கடல்மைல்தான் போகும். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். நாளுக்கு 20 முதல் 25 கடல்மைலுக்கு மேல் திட்டமிட்டால் நீந்தவும் ஊர் பார்க்கவும் நேரம் இராது.

ஏழாம் படி: சாப்பாடு, குழந்தை, முதியவர், வயிறு

சைவம் என்றால் 'சைவம் உண்டா' என்று கேட்காதீர்கள். எல்லோரும் உண்டு என்பார்கள். முட்டை, மீன் சாறு இல்லாத இந்திய சைவம் இரவுச் சாப்பாட்டில் தினமும் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜென்டிங் டிரீம் போன்றவற்றில் ஜெயின் உணவு வரை உண்டு. சிறு ஐரோப்பியக் கப்பலிலோ முன்கூட்டியே சொன்னால்தான் பருப்பாவது ஏற்றுவார்கள். மின்கெண்டியும் இஸ்திரிப்பெட்டியும் கொண்டுபோனால் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

கைக்குழந்தைக்குப் பல நிறுவனங்களில் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். பெருங்கடல் கடக்கும் பயணத்துக்கு 12 மாதம். கர்ப்பிணிகளைப் பொதுவாக 24 வாரத்துக்குமேல் ஏற்றுவதில்லை. சிறுவர் கூடத்தில் விட வழக்கமாக 3 வயதும் டயப்பர் இல்லாத பழக்கமும் வேண்டும்; டயப்பரோடு பொதுக் குளத்தில் இறங்கவும் விடமாட்டார்கள். இரண்டு வயதுக் குழந்தையின் பெற்றோர் 'பிள்ளையை விட்டுவிட்டு ஓய்வெடுக்கலாம்' என்று போய் ஏமாறுவது இங்கேதான். முதியவர் இருந்தால் மின்தூக்கிக்குச் சில அறைகள் தள்ளி எடுங்கள். முன்னூறு மீட்டருக்கு மேல் நீளும் கப்பலில் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடப்பதே ஒரு பயிற்சி.

அவோமின் போன்ற குமட்டல் மாத்திரையை வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. கடல் அசைவதற்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். மற்ற மருந்துகளோடு ஒத்துவருமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பொது உணவுக்கூடத்தில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமிக்குக் கையில் தடவும் ஆல்கஹால் திரவம் சரிப்படாது; சோப்பும் தண்ணீரும்தான்.

எட்டாம் படி: விலையைத் திறந்து பாருங்கள்

விளம்பர விலைக்கு மேல் துறைமுக வரி வரும். அமெரிக்க நிறுவனங்களில் ஆளுக்கு நாளுக்கு 16 முதல் 20 டாலர் வரை டிப்ஸ் கணக்கில் ஏறும். நால்வர் குடும்பம், 7 இரவு, 18 டாலர் என்று வைத்தால் 504 டாலர். மதுபானத் திட்டம் வாங்கினால் பல நிறுவனங்களில் ஒரே அறையிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும். கணவர் குடிப்பதற்காக மனைவி எலுமிச்சைச் சாற்றுக்கு அதே பணம் கட்டுவார். தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இருவர் கட்டணத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒற்றையாளுக்கான அறைகள் உள்ள கப்பலைத் தேடுங்கள்.

கைபேசியை ஏறியவுடன் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் கைபேசி வலையைப் பிடித்துக்கொண்டால் வீட்டுக்குத் திரும்பியபின் வரும் கட்டணம் கண்ணைக் கட்டும். ஆட்களோடு வரும் படகு வாடகையில் எரிபொருள், உணவு, துறைக் கட்டணத்துக்காக வாடகையில் 25 முதல் 35 சதவீதம் முன்பணமாகத் தனியே கேட்பார்கள், மிஞ்சியது திரும்பும். இந்திய முகவர் வழியாக வாங்கினால் விலையோடு சேர்த்து முன்கூட்டியே பிடிக்கப்படும் டிசிஎஸ் வரியை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ரசீதை வைத்திருங்கள்.

ஒன்பதாம் படி: பணம் கட்டும் முன் விசா

கப்பல் ஒரு நாட்டை விட்டுப் போய் அதே நாட்டுக்குத் திரும்பினால் அது இரண்டாம் நுழைவு. இந்தியக் கடவுச்சீட்டோடு ஏதென்ஸில் ஏறி, துருக்கி போய், ஏதென்ஸில் இறங்கினால் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போக அமெரிக்க விசா மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. 1886ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் நடுவில் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதனால் அது கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். கனடா விசாவும் தேவை. விசா இல்லாதவரை முதல் துறைமுகத்திலேயே ஏற்றமாட்டார்கள், பணமும் திரும்பாது.

மீதித் தொகை பல நிறுவனங்களில் புறப்பாட்டுக்கு ஏறக்குறைய 90 நாள் முன்பு கட்ட வேண்டும். அதன்பின் ரத்துசெய்தால் பிடித்தம் படிப்படியாக ஏறும். ஆகவே விசா நேரத்தை அந்தத் தேதிக்கு முன் முடியுமாறு கணக்கிடுங்கள். பயணக் காப்பீட்டில் கப்பல் பயணமும் அவசர மருத்துவ இடமாற்றமும் சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். கப்பல் மருத்துவமனை இலவசம் கிடையாது. விமானத்தை முந்தைய நாளே வந்து சேரும்படி எடுங்கள். நீங்களாக வாங்கிய விமானச் சீட்டு தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ப் பிடிக்க வேண்டும், அந்த நாட்டு விசாவும் கையில் இருந்தால்.